கடைசி வரிசைப் பிள்ளை

பள்ளிக்கூடம் என்று ஒன்று ஏற்பட்ட நாள் முதலாக அதில் கடைசி வரிசை என்று ஒன்றும் இருந்து வருகிறது. முன் வரிசைப் பிள்ளைகளின் பெயர் உபாத்தியாயருக்குத் தெரியும்; ஊருக்கும் தெரியும். கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனைப் பற்றி யாருக்கும் அதிகமாகத் தெரியாது. அவனுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வருமா வராதா என்பது அவனுக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

அந்த ரகசியத்தை எப்படியாவது வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்று இரண்டு பெரிய தேசங்கள் இரண்டு வெவ்வேறு நூற்றாண்டுகளில் கங்கணம் கட்டிக்கொண்டன. இரண்டும் நல்ல எண்ணத்தோடுதான் ஆரம்பித்தன. இரண்டு இடங்களிலும் நடந்தது ஏறக்குறைய ஒரே கதை. முதல் கதை 1862-ல் இங்கிலாந்தில் தொடங்கியது. அதன் ஒரு கிளை நம் சென்னை மாகாணத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் வரைக்கும் நீண்டது. இரண்டாவது கதை அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தில் நடந்தது. அது 2015-ல் நீதிமன்றத்தில் போய் முடிந்தது.

முதலில் இங்கிலாந்துக்குப் போவோம்.

அந்தக் காலத்தில் அங்கே ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களைப் பெரும்பாலும் மாதாகோவில் சங்கங்கள் நடத்திவந்தன. சர்க்கார் 1833-ல் முதல் முதலாக 20,000 பவுன் உதவி செய்தது. தானம் கொடுக்கிறவனுக்குச் சந்தோஷம் தருவது முதல் வருஷத்துத் தானம் மட்டுந்தான். பிறகு அது வளர்ந்துகொண்டே போகும். 1861-ல் அந்தத் தொகை 8 லட்சம் பவுனைத் தாண்டிவிட்டது. நடுவில் கிரிமியா யுத்தம் வேறு கஜானாவைக் கரைத்திருந்தது. 'இவ்வளவு பணம் கொட்டுகிறோமே, பிள்ளைகள் வாசிக்கக் கற்றார்களா?' என்று பார்லிமெண்டில் கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான்.

பதில் கண்டுபிடிக்க நியூகாஸில் பிரபுவின் தலைமையில் 1858-ல் ஒரு கமிஷன் அமைத்தார்கள். கமிஷன் 1861-ல் தன் அறிக்கையைக் கொடுத்தது. அதில் மனசைத் தைக்கும் விஷயம் ஒன்று இருந்தது. உபாத்தியாயர்கள் மேல் வகுப்பில் உள்ள கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தயார் செய்வதிலேயே பொழுதைக் கழிக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் வந்தால் அந்தப் பிள்ளைகளை முன்னால் நிறுத்திக் காட்டுகிறார்கள். அவர் மகிழ்ந்து போகிறார். கீழ் வகுப்பில் உள்ள சின்னப் பிள்ளைகளை ஏறெடுத்துப் பார்ப்பவர் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் மேல் வகுப்புக்கு வராமலேயே, வாசிக்கத் தெரியாமலேயே, வயலுக்கும் ஆலைக்கும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். நாம் முதலில் பார்த்தோமே, அந்தக் கடைசி வரிசைப் பிள்ளையைத்தான் கமிஷன் கண்டுபிடித்துவிட்டது.

அவனை மீட்கும் பொறுப்பு ராபர்ட் லோ என்பவர் கைக்கு வந்து சேர்ந்தது. கல்வி இலாகாவை அப்போது நிர்வகித்து வந்தவர் அவர். மகா புத்திசாலி. ஆக்ஸ்போர்டில் பாடம் சொல்லிக் கொடுத்தவர்; ஆஸ்திரேலியாவில் வக்கீல் தொழில் செய்தவர். நம் தேசத்தோடும் அவருக்குச் சம்பந்தம் உண்டு. இந்திய நிர்வாகத்தைக் கவனித்த லண்டன் போர்டில் அவர் காரியதரிசியாக இருந்த காலத்தில்தான், 1853-ம் வருஷச் சட்டத்தின் மூலம், இந்திய சிவில் உத்தியோகத்துக்குப் போட்டிப் பரீட்சை வைப்பது என்று முடிவாயிற்று. பரீட்சையின் சக்தியில் அவருக்கு அபாரமான நம்பிக்கை. பிறவியிலேயே அவருக்குக் கண் பார்வை மிக மங்கல். ஆனால் வரவு செலவுக் கணக்கில் அவருடைய பார்வை வெகு கூர்மை. இந்தத் திட்டம் செலவு பிடித்தால் பலன் கொடுக்கும், பலன் கொடுக்காவிட்டால் செலவாவது குறையும் என்று பார்லிமெண்டில் உறுதி கூறினார். வியாபாரிக்கு இதைவிட இனிப்பான வாக்குறுதி வேறென்ன வேண்டும்?

1862-ல் வந்த திருத்திய விதிகளின் சாரம் இதுதான். பள்ளிக்கு ஒழுங்காக வரும் பிள்ளைக்குத் தலைக்கு 4 ஷில்லிங் மானியம். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை, 200 வேளைகளுக்கு மேல் பள்ளிக்கு வந்திருந்தால், அதன் பேரில் இன்னும் 8 ஷில்லிங் உண்டு. ஆனால் அதற்கு இன்ஸ்பெக்டர் முன்னால் அந்தப் பிள்ளை வாசிக்க வேண்டும், சொன்னதை எழுத வேண்டும், கணக்குப் போட வேண்டும். இம்மூன்றில் ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. மூன்றிலும் தவறினால் 8 ஷில்லிங்கும் போயிற்று. இதற்கென்று ஆறு படிகள் வகுத்தார்கள். முதற்படியில் ஓரசைச் சொற்களை வாசித்தால் போதும். ஆறாம் படியில் பத்திரிகையில் ஒரு பத்தியை வாசிக்க வேண்டும். தேசம் முழுவதற்கும் ஒரே அளவு, ஒரே தராசு.

மானியம் பள்ளி நிர்வாகிகளின் கைக்குத்தான் போயிற்று. ஆனால் நிர்வாகிகள் அதைப் பார்த்துத்தான் உபாத்தியாயரின் சம்பளத்தைப் பேசினார்கள். சர்க்காரே முன்பு உபாத்தியாயர்களுக்கு நேராகக் கொடுத்துவந்த உபரிச் சம்பளமும் நின்றுபோயிற்று. ஆக, கடைசி வரிசைப் பிள்ளைக்கு முதல் முறையாக ஒரு விலை ஏற்பட்டது. அதுவரையில் அவன் முகத்தைப் பார்க்காத உபாத்தியாயர், இப்போது அவன் முகத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸைப் பார்த்தார்.

இதில் நன்மை ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சின்னப் பிள்ளைகளிடம் உபாத்தியாயர்களின் கவனம் திரும்பியது. வருகையை உன்னிப்பாகப் பார்க்கத் தொடங்கினார்கள். ஆனால் எந்த மாதிரியான கவனம் என்பதுதான் விஷயம். வாசிப்புப் பரீட்சைக்கு உரிய புத்தகம் எது என்பது முன்கூட்டியே தெரியும். சிறிய புத்தகம், வருஷமோ நீண்டது. ஆகவே வருஷம் முழுவதும் அந்த ஒரே புத்தகத்தை எல்லாப் பிள்ளைகளும் உரத்த குரலில் பாராயணம் செய்தார்கள். இன்ஸ்பெக்டர் புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் சில பிள்ளைகள் கண்ணை இமைக்காமல் 'வாசித்து' முடித்துவிடுவார்கள் என்று அக்காலத்தவர்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார்கள். பூகோளத்துக்கும் சரித்திரத்துக்கும் காசு கிடையாது. அவை மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறின. 1867-ல் சில மேற்பாடங்களுக்குக் கொஞ்சம் காசு வைத்தார்கள். அவை உடனே அந்தக் காசின் அளவுக்குத் திரும்பி வந்தன.

கெட்டிக்காரப் பிள்ளைக்கும் சங்கடந்தான். அவன் இரண்டு படி தாண்டினாலும் அதிகக் காசு கிடையாது. ஆகவே அவனைக் கட்டிப்போட்டு வைத்துவிட்டு, தேறுவானோ தவறுவானோ என்ற நிலையில் நிற்பவனைப் பிடித்து உலுக்கினார்கள். எவ்வளவு உலுக்கினாலும் தேறமாட்டான் என்று தெரிந்துவிட்ட பிள்ளையோ பழையபடி சுவரோரத்துக்கே போய்ச் சேர்ந்தான். பரீட்சை நாளில் வராவிட்டால் காசு போய்விடும் என்று, உடம்புக்கு முடியாத பிள்ளைகளையும் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். வருகைப் பதிவேட்டில் இல்லாத வருகைகள் ஏறின. இன்ஸ்பெக்டருக்குத் தெரியாமல் உபாத்தியாயர் பிள்ளைகளுக்குக் காட்டும் ஜாடைகளுக்கென்று தனியாக ஒரு சாஸ்திரமே வளர்ந்தது.

இவற்றையெல்லாம் கண்ணால் பார்த்த இன்ஸ்பெக்டர்களில் ஒருவர் கவி. மாத்யூ ஆர்னால்டு என்ற பெயரை ஆங்கிலக் கவிதை படித்தவர்கள் அறிவார்கள். அவர் வயிற்றுப் பிழைப்புக்காக 1851 முதல் 1886 வரையில், 35 வருஷம், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக ஊர் ஊராக அலைந்தார் என்பது அவ்வளவாகத் தெரியாத விஷயம். லோவின் விதிகள் வந்த அந்த 1862-லேயே, தம் மேலதிகாரியின் திட்டத்தைத் தாக்கி, பெயர் போடாமல் ஒரு பத்திரிகைக் கட்டுரை எழுதினார். வேலை போய்விடக் கூடிய காரியம். இந்தப் பரீட்சை முறை ஒரு யந்திர விளையாட்டு, இதில் கடைசியில் உபாத்தியாயர்தான் ஜெயிப்பார் என்பது அவர் கட்சி. வாசிக்கவும் எழுதவும் கணக்கிடவும் உண்மையில் தெரியாமலேயே, வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் பிள்ளைகளைத் தேற வைத்துவிட முடியும் என்று பின்னால் தம் இலாகா அறிக்கைகளிலேயே எழுதினார். கமிஷன்காரர்கள் பல புத்தகங்களில் பார்க்காததை, பெஞ்சில் உட்கார்ந்து குழந்தையின் கண்ணைப் பார்த்த ஒரு கவி பார்த்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர்களின் பாதகமான அபிப்பிராயங்களை இலாகா அமுக்கி வைக்கிறது என்று 1864-ல் பார்லிமெண்டில் குற்றம் சாட்டினார்கள். சபை கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. லோ ராஜிநாமா செய்தார். பிற்பாடு விசாரித்த கமிட்டி அவர் பேரில் குற்றம் இல்லை என்றது. அவர் நிதி மந்திரியாகவும் உயர்ந்தார். ஆனால் அவர் கொடுத்த வாக்கில் ஒரு பாதி அட்சரசுத்தமாகப் பலித்தது: 1861-ல் 8,13,000 பவுனாக இருந்த மானியம் 1865-ல் 6,37,000 பவுனுக்குக் குறைந்தது. பலன் எப்படியானாலும் செலவு குறைந்துவிட்டது அல்லவா?

இந்த விதிகளில் கதை எழுதுகிறவனின் கண்ணை உறுத்துகிற ஒன்று உண்டு. ஒவ்வொரு பள்ளியிலும் தலைமை உபாத்தியாயர் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்திருக்க வேண்டும்; நடந்ததை அதில் எழுத வேண்டும்; ஆனால் பொதுவான சிந்தனையோ அபிப்பிராயமோ எதுவும் எழுதக் கூடாது. அதாவது, எத்தனை பிள்ளைகள் வரவில்லை என்று எழுதலாம். ஏன் வரவில்லை என்று உனக்குத் தோன்றுவதை எழுதாதே! எண் வேண்டும், எண்ணம் வேண்டாம். ஒரு மனிதனை யந்திரமாக்க இதைவிடச் சுருக்கமான கட்டளையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

உபாத்தியாயர்கள் 1870-ல் சங்கம் அமைத்துப் போராடினார்கள். 1884-ல் லண்டன் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்த டாக்டர் கிரைட்டன்-பிரௌன், படிப்பின் சுமை பிள்ளைகளின் உடம்பைக் கெடுக்கிறது என்று அறிக்கை எழுதினார், இலாகா மறுத்தது, தேசம் முழுவதும் வாக்குவாதம். 1886-ல் இன்னொரு கமிஷன். கடைசியில் 1890-ல் கட்டு தளர்ந்தது. 1897-க்குள் அந்த முறை அடியோடு போய்விட்டது. 35 வருஷம்! ஆறு வயதில் முதற்படிப் பரீட்சைக்கு நின்ற குழந்தை நாற்பது வயதைத் தாண்டிவிட்டது.

எட்மண்ட் ஹோம்ஸ் என்பவர் 1875-ல் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து, அந்த முறையில் தாமே ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தேறியவர், தவறியவர் என்று பிரித்தவர்; தலைமை இன்ஸ்பெக்டராகவும் உயர்ந்தவர். உத்தியோகத்தை விட்டபின் 1911-ல் அதைக் கண்டித்துப் புத்தகம் எழுதினார். விலங்கைக் கழற்றிவிட்டோமே, உபாத்தியாயர் ஏன் இன்னும் ஓடவில்லை என்று கேட்கிறவர்களுக்கு அவர் சொன்ன பதில் சிந்திக்கத் தக்கது: ஒரு தலைமுறைக் காலம் சுதந்திரமாக யோசிக்க விடாமல் வைத்திருந்தவரிடம் போய், இன்று முதல் யோசி என்றால் அவர் என்ன செய்வார்?

இனி நம் ஊர்ப் பக்கம். இங்கிலாந்தில் ஒரு முறையை ஆரம்பித்தால் அதன் கப்பல் சென்னைக்கு வர அதிக நாள் ஆவதில்லை. 1860-களிலேயே சென்னை மாகாணத்தில் ரிசல்ட்டைப் பார்த்துக் கிராண்டு கொடுக்கும் வழக்கம் வந்துவிட்டது. திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் அதுவரையில் ஊராரை நம்பிப் பிழைத்தவர். நெல்லோ, காசோ, பண்டிகைக்கு ஒரு வேஷ்டியோ கிடைக்கும். மணலில் விரலால் எழுதவும், எண்சுவடியும் நீதி நூல்களும் மனப்பாடமாகச் சொல்லவும் அவர் கற்றுக் கொடுத்தார். இப்போது சர்க்கார் வகுத்த பாடத்தில் பிள்ளைகள் தேறினால் சர்க்கார் பணம் உண்டு என்றார்கள். பாவம், அவர் என்ன செய்வார்? எதற்குக் காசோ அதைக் கற்பித்தார்.

வில்லியம் ஹண்டரின் தலைமையில் 1882-ல் அமைந்த கல்விக் கமிஷன், ஆரம்பப் பள்ளிகளின் உதவியைப் பெரும்பாலும் பரீட்சை ரிசல்ட்டைக் கொண்டே நிர்ணயிக்கலாம் என்று சிபாரிசு செய்தது. கல்லூரிகளுக்கு மட்டும் அது வேண்டாம் என்றது! பெரிய படிப்பை ரிசல்ட்டால் அளப்பது கௌரவக் குறைவு. சின்னக் குழந்தையை அளக்கலாம் போலும். இங்கிலாந்து இதைக் கைவிட்டுச் சில வருஷங்கள் ஆனபின், 1904-ல், கர்ஸன் பிரபுவின் சர்க்கார் வெளியிட்ட கல்வித் தீர்மானந்தான் இந்த முறையை இந்தியாவிலும் விட்டுவிட வேண்டும் என்று சொல்லிற்று. அங்கே தைத்துப் பார்த்துப் பொருந்தாது என்று கழற்றிப் போட்ட சட்டையை நாம் இன்னும் கொஞ்ச நாள் போட்டுக்கொண்டிருந்தோம்.

இத்தனையும் பழங்கதை, இனி யார் அந்த வழியில் போவார்கள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நூறு வருஷம் கழித்து அமெரிக்கா போயிற்று.

2002-ல் அமெரிக்காவில் வந்த கல்விச் சட்டத்துக்கு, எந்தக் குழந்தையையும் பின்னால் விட்டுவிடக் கூடாது என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். பெயரைக் கேட்டாலே தெரிகிறது அல்லவா? அதே கடைசி வரிசைப் பிள்ளைதான்! மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு வருஷமும் வாசிப்பிலும் கணக்கிலும் பரீட்சை. 2014-க்குள் எல்லாக் குழந்தைகளும் தேறியாக வேண்டும். தொடர்ந்து தவறும் பள்ளிக்கூடத்தின் மீது நடவடிக்கை. இந்தச் சட்டத்துக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஏழைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் பின்தங்கிக் கிடப்பதைச் சராசரிக் கணக்கு மூடி மறைத்து வந்தது. இனத்துக்கு இனம் தனித் தனியாகக் கணக்குக் காட்டச் செய்து, அந்த மூடியை எடுத்தது சட்டம்.

அட்லாண்டா நகரப் பள்ளிகளில் சுமார் 50,000 பிள்ளைகள் படித்தார்கள். பெரும்பாலோர் கறுப்பினத்தவர், ஏழைகள். பெவர்லி ஹால் என்ற அம்மையார் 1999-ல் அப்பள்ளிகளின் தலைமை அதிகாரியாக வந்தார். ஒவ்வொரு பள்ளிக்கும் இத்தனை மார்க் என்று இலக்கு வைத்தார். எட்டினால் வெகுமதி, எட்டாவிட்டால் தலைமை ஆசிரியர் பதவிக்கு ஆபத்து. வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய விளையாட்டு அரங்கில் எல்லா ஆசிரியர்களையும் கூட்டுவார்கள். இலக்கை எட்டிய பள்ளியினருக்குக் கீழே மைதானத்தில், மேடைக்கு அருகில் இடம்; எட்டாதவர்கள் தூரத்துப் படிக்கட்டுகளில் உட்கார வேண்டும். கடைசி வரிசையே இருக்கக் கூடாது என்று புறப்பட்டவர்கள், ஆசிரியர்களுக்கே ஒரு கடைசி வரிசை போட்டுவிட்டார்கள்!

மார்க்குகள் மளமளவென்று ஏறின. 2009-ல் அமெரிக்காவிலேயே சிறந்த பள்ளி நிர்வாகி என்ற பட்டம் ஹால் அம்மையாருக்குக் கிடைத்தது. அதே சமயத்தில் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று, இவ்வளவு ஏற்றம் இயற்கையில் சாத்தியமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தது. விடைத்தாள்களில் பென்சிலால் நிரப்பிய வட்டங்களை யந்திரம் கொண்டு ஆராய்ந்தபோது, தப்பான விடையை அழித்துச் சரியான விடை போட்ட இடங்கள் நம்ப முடியாத அளவுக்கு இருந்தன. மாகாண கவர்னர் 2010-ல் விசாரணைக்கு உத்தரவிட்டார். 2011-ல் அறிக்கை வந்தது. ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44-ல் மோசடி. 178 ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் சம்பந்தப்பட்டிருந்தார்கள். 80-க்கு மேற்பட்டவர்கள் ஒப்புக்கொண்டார்கள். சில இடங்களில் ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து ரப்பரும் பென்சிலுமாக விடைகளைத் திருத்தியிருக்கிறார்கள்.

2013-ல் 35 பேர் மீது வழக்கு வந்தது. கொள்ளைக் கூட்டங்களை ஒடுக்குவதற்காக ஏற்பட்ட சட்டத்தை வாத்தியார்கள் பேரில் பிரயோகித்தார்கள். கடைசி வரை வழக்காடிய 12 பேரில் 11 பேர் குற்றவாளிகள் என்று 2015 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று. ஹால் அம்மையார் நோயினால் விசாரணைக்கு வராமலேயே அதற்கு முந்தின மாதம் இறந்துபோனார். தமக்கு ஒன்றும் தெரியாது என்றே கடைசி வரை சொன்னார். அந்தச் சட்டத்தை அதே 2015-ம் வருஷக் கடைசியில் மாற்றிவிட்டார்கள்.

வழக்கிலே கைவிலங்கு பூட்டியவர்களின் படத்தைத்தான் உலகம் பார்த்தது. எனக்கு அந்த விடைத்தாளின் சொந்தக்காரக் குழந்தையைப் பற்றித்தான் நினைப்பு. வாசிக்கத் தெரியாத பிள்ளை என்று தாள் சொல்லியிருந்தால், அதற்குத் தனிப் பயிற்சி கிடைத்திருக்கும். தாள் பொய் சொல்லிற்று. 'நன்றாகப் படிக்கிறது' என்று வீட்டுக்குச் செய்தி போயிற்று. தாய் மகிழ்ந்தாள். அந்தப் பிள்ளை வாசிக்கத் தெரியாமலேயே அடுத்த வகுப்புக்குப் போயிற்று. பின்னால் அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து உதவ நகரம் ஒரு தனித் திட்டம் போட வேண்டியதாயிற்று. 1862-ல் அவனுக்குக் கிளிப் பாடம் சொல்லிக் கொடுக்கும் சிரமமாவது இருந்தது. 2009-ல் ஒரு ரப்பர் துண்டே போதுமாக இருந்தது.

பரீட்சையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அளந்து பார்க்காத காலத்திலும் அந்தப் பிள்ளையை யாரும் கவனிக்கவில்லை என்பதை நியூகாஸில் கமிஷன் காட்டிவிட்டது. உனக்கு வாசிக்க வருமா என்று ஒருவர் அவனைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் நோயாளியின் காய்ச்சல் இறங்கினால்தான் உனக்குச் சம்பளம் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, தெர்மாமீட்டரையும் அவள் கையிலேயே கொடுத்துவிட்டால், காய்ச்சல் இறங்காது, பாதரசந்தான் இறங்கும். டாக்டர் அதைப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு போய்விடுவார். நோயாளி படுக்கையிலேயே கிடப்பான்.

லோவும் கெட்டவர் அல்ல. ஜாடை காட்டிய உபாத்தியாயரும் ரப்பரைக் கையில் எடுத்த ஆசிரியையும் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் நாளில் திருடும் எண்ணத்தோடு நுழையவில்லை. எல்லாருமே அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். அவன் தனக்கு வாசிக்க வரவில்லை என்பதைத் தைரியமாகச் சொல்லக் கூடிய இடமாகவும், அதைக் கேட்ட உபாத்தியாயர் தம் அடுப்பில் உலை கொதிக்குமா என்று பயப்படாத இடமாகவும் பள்ளிக்கூடம் இருக்க வேண்டும். அப்போதுதான் அவனுக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் மூன்றாவது ஆளுக்கும் தெரியவரும். அந்த மூன்றாவது ஆளைத்தான் நாம் வாத்தியார் என்று கூப்பிடுகிறோம்.